பதினோராவது ஓட்டை

"உன் அட்டை எதுடி?"

இருபத்து நான்கு வருஷமாக லூர்துராணி என்னைக் கேட்கும் கேள்வி இது. என் கல்யாணப் பந்தியில், என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டாள்.

காலேஜில் நாங்கள் இருவரும் என்.சி.சி. ரைபிள் டீம். கடைசி வருஷப் போட்டியில், அவள் எப்படிச் சுடுகிறாள் என்று அவளுடைய இலக்கு அட்டையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் கடைசிக் குண்டை அதிலேயே இறக்கிவிட்டேன். அடுத்தவள் அட்டையில் சுட்டால் நமக்கு முட்டை. அட்டைக்காரிக்கோ யோகம். பதினொரு ஓட்டையில் மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுவார்கள். அவளுக்குத் தங்கம் கிடைத்தது. எனக்கு இந்தக் கேள்வி கிடைத்தது.

இந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான் மறுபடி துப்பாக்கியைத் தொட்டோம். மாவட்டப் போட்டியில் நாற்பது தாண்டிய பெண்களுக்கு ஜோடிப் பிரிவு உண்டு என்று ரைபிள் சங்கச் செயலாளர் நவநீதன் சொன்னதும் எனக்குத் தூக்கம் போயிற்று. சங்கத்தில் நடக்கும் தேர்வில் ஆளுக்குப் பத்து குண்டு, குண்டுக்கு அதிகபட்சம் பத்து பாயிண்ட்; இருவருக்கும் சேர்த்து நூற்றைம்பது வந்தால் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மகனின் காலேஜ் சீட்டுக்குக்கூட நான் இப்படித் தவிக்கவில்லை.

தேர்வு நாளன்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, பாலக்கரையில் அவளை ஏற்றிக்கொண்டேன்.

"மகா, இன்னைக்காவது உன் அட்டையில சுடுடி."

"வாயை மூடிட்டு உட்காரு. இல்லாட்டி மேலப்புதூர்லயே இறக்கி விட்டுருவேன்."

சுடும்போது மாட்டிக்கொள்ளும் சங்கத்துக் கான்வாஸ் கோட்டு இருவருக்குமே போதவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து ஒருவருக்கொருவர் பட்டன் போட்டுவிட்டோம். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள், நான் ரங்கநாதரைக் கூப்பிட்டேன், சுட ஆரம்பித்தோம்.

நான் தலையைத் திருப்பவே இல்லை. ஏழாவது குண்டுக்கு விசையை அழுத்தும்போது, பக்கத்தில் 'டப்' என்று அவளுடைய பட்டன் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. சிரித்துத் தொலைத்தேன். குண்டு ஓரமாகப் போய் இரண்டு பாயிண்ட் வளையத்தில் விழுந்தது. மீதி மூன்றையும் உதட்டைக் கடித்துக்கொண்டு சுட்டு முடித்தேன்.

நவநீதன் அட்டைகளைக் கழற்றி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மகாலட்சுமி மேடம், உங்க அட்டையில பதினொரு ஓட்டை இருக்கு."

லூர்துவின் அட்டையில் ஒன்பது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"லூர்து, எட்டிப் பார்த்தியா?"

"நீ சிரிச்சுக்கிட்டே சுட்டது எங்க விழுந்துச்சுன்னு ஒரே ஒரு தடவைதான்டி பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"அப்படியே சுட்டுட்டேன் போல இருக்கு." அவள் கண் கலங்கிவிட்டது. "உன் ஆசையைக் கெடுத்துட்டேன்டி, பாவி நான்."

போச்சு, இடம் போச்சு. திட்ட வாயைத் திறக்கும்போதே காலேஜ் போட்டி நினைவுக்கு வந்தது. அன்று அவள் அட்டையைப் பார்த்தபடி நான் சுட்டதும் இப்படித்தானே!

"இருங்க மேடம்," என்றார் நவநீதன். "லூர்துராணி மேடத்துக்கு ஒம்பது குண்டுல எழுபத்தாறு. உங்க அட்டையில அவங்க போட்டது பத்து பாயிண்ட். விதிப்படி மோசமான அந்த ரெண்டு பாயிண்ட் ஓட்டையைக் கழிச்சிட்டா உங்களுக்கு எழுபத்து நாலு." விரலை மடக்கிக் கூட்டினார். "நூத்தம்பது. சரியா நூத்தம்பது!"

நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். லூர்து என்னைக் கட்டிக்கொண்டதில் அவள் கோட்டின் மிச்சப் பட்டன்களும் தெறித்தன. நின்று சிரிக்க முடியாமல் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

"லூர்து, உன் அட்டை எதுடி?" என்றேன். இருபத்து நான்கு வருஷம் காத்திருந்து கேட்ட கேள்வி. தேனாய் இனித்தது.

நவநீதன் தொண்டையைச் செருமினார். "மேடம், போட்டியில உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு இடம் காலியா விடச் சொல்லட்டுங்களா?"

"வேணாம் சார்!" என்றோம், இருவரும் ஒரே மூச்சில்.

லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்துப் பக்கத்துலயே விடுங்க சார். தள்ளித் தள்ளி நின்னா நாங்க தேற மாட்டோம்."