முழுக் கிலோ

ஜின்சிக்கு வலது மணிக்கட்டு காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. நாளெல்லாம் மவுஸைப் பிடித்து இழுத்த வலி. ரப்பர் மரத்தில் பால் வெட்டியே தேய்ந்துபோன அப்பாவின் கையை நினைத்தால் இதை வலி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

கோழிக்கோட்டு மருத்துவமனை ஒன்றில், பக்கவாதம் வந்தவர்கள் கைப்பயிற்சி செய்யும் அறை அது. பந்தைப் பிடித்து அழுத்தினால் எத்தனை கிலோ என்று திரையில் எண் வரும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே ஜின்சிதான். வருகிறவர்கள் திரையோடு பேசுவார்கள், டாக்டரோடு பேசுவார்கள். அவளிடம் பேச்சுக் கொடுத்தவர் மொய்தீன்குட்டி ஒருவர்தான். வலியங்காடிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். அவரும் இப்போது வருவதில்லை.

கடைசியாக வந்த அன்று சொன்னார்: "பந்து லேசா அமுங்குற மாதிரி இருக்கு மோளே."

"பூஜ்யம்னுதான் காட்டுது இக்கா. மிஷின் பொய் சொல்லாது."

"நூறு கிலோ சாக்கைத் தூக்கின கை. சரி, விடு."

எழுந்து போனவர்தான்.

இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வலிக்கு இதமாக இருக்கட்டுமென்று ஜின்சி பந்தை எடுத்து மெல்ல அழுத்தினாள். பூஜ்யம். இறுக்கினாள். இரண்டு. மறுபடி மெல்ல. பூஜ்யம்.

நிரலைத் திறந்தாள். அதில் எழுத்து கிடையாது. பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். தசம எண்ணுக்கு ஆரஞ்சுக் கோடு, முழு எண்ணுக்கு நீலப் பெட்டி. ஆரஞ்சை நீலத்தில் கொண்டுபோய்ச் செருகினாலும் கணினி தகராறு செய்யாது. தானே முழு எண்ணாக்கிவிட்டு, சேரும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் வைக்கும். கொசுக்கடி அளவு. அப்படி எத்தனையோ புள்ளிகளை அவள் பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறாள். இங்கே பந்தின் ஆரஞ்சுக் கோடு செருகியிருந்த நீலப் பெட்டி, முன்பு கிடங்கு எடைமேடைக்காகச் செய்ததிலிருந்து எடுத்து ஒட்டியது. அரிசி மூட்டைக்கு முழுக் கிலோ போதும்.

பெட்டியைப் பிடுங்கி ஆரஞ்சுப் பெட்டி வைத்தாள். மெல்ல அழுத்தினாள். 0.3.

போன் போட்டாள்.

"ஏன் இக்கா வர்றதில்ல?"

"பூஜ்யத்தைப் பாக்க பஸ் ஏறணுமா? இங்க உக்காந்தே பாத்துக்கிட்டிருக்கேன்."

"கைக்குப் பயிற்சி?"

"துணி சுத்தி மடியில போட்டிருக்கேன், பேரப்பிள்ளை மாதிரி."

"மிஷின்ல கோளாறு இக்கா. அரைக் கிலோவுக்குக் கீழ எதையும் காட்டல. உங்க கையில பலம் இருந்திருக்கும். இப்ப சரி பண்ணியாச்சு."

"மிஷினுக்கும் வாதம் வருமா?" என்றார். "திங்கக்கிழமை வர்றேன். அதைச் செஞ்சவனைத் திட்டினியா?"

ஜின்சி வாயைத் திறந்தாள். செய்தது தான்தான் என்று சொன்னால் இவரும் பேச்சை நிறுத்திவிடுவார்.

"திட்டினேன்."

"நல்லாத் திட்டு மோளே."

போனை வைத்தாள். வலிக்கிற கையால் பந்தை அதன் இடத்தில் வைத்தாள். மொய்தீன்குட்டியிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்கிறது.