இடது கன்னத்தில் ஓர் அண்ணன்

காஜாக்காவின் அண்ணன் ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளுடைய ஹாம்ஸ்டரின் இடது கன்னத்துக்குள் போனார். பொழுது சாயும்வரை அங்கேயேதான் இருந்தார். பயப்படாதீர்கள், நன்றாகவே இருந்தார். இது நடந்ததா இல்லையா என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. வலது கன்னம் என்று சாதிக்கிறவர்கள் சிலர் உண்டு, அவ்வளவுதான்.

சட்டைகளில் பட்டன் துளையைச் சுற்றித் தைக்கிற காஜா வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது. புருஷன் இறந்த பிறகு, மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின் என்று தனியாக இருந்தாள். ஊரைவிட்டுப் போன வாடிக்கைக்காரி ஒருத்தி, இது கடிக்கும், யார் கையிலும் நிற்காது என்று சொல்லிக் கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த ஹாம்ஸ்டர், கன்னத்தில் தீனி சேர்த்துவைக்கிற, எலி மாதிரிச் சின்னப் பிராணி. முதல் வாரம் காஜாக்கா அதைத் தொடவே இல்லை. கூண்டில் பாதியைத் துணியால் மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே, துணிக்காரர்கள் பண்ணுகிற அழிச்சாட்டியத்தையெல்லாம் தணிந்த குரலில் அதனிடம் சொன்னாள். நூல் காலில் சுற்றிக்கொள்ளும் என்று காகிதத்தைக் கிழித்துத்தான் மெத்தை போட்டாள். குளிக்கத் தண்ணீர் கிடையாது, ஒரு கிண்ணம் மணல். பகலில் அது தூங்கும்போது மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் தைத்தாள். மேலிருந்து கை வந்தால் பருந்து என்று மிரளும். அதனால் உள்ளங்கையைத் தரையோடு விரித்து, ஒரு சூரியகாந்தி விதையை வைத்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை காத்திருந்தாள். ஒருநாள் அது கையிலேயே ஏறி உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டது.

விதையை விரலால் காட்டி "அடக்கு" என்பாள், கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். "குடு" என்பாள், துப்பிவிடும். விதைக்குப் பிறகு பட்டன், பிறகு நூல் சுற்றிய பாபின், கத்தரிக்கோல். மழைக்காலம் வருவதற்குள் தையல் மெஷினையே அடக்கப் பழகிவிட்டது. கன்னம் என்னவோ ஒரு கடலை அளவுதான் உப்பியது. மழை பிடித்தால் கீழ்வீட்டு இஸ்திரிக்காரர் தன் தள்ளுவண்டியை அதனிடம்தான் விடுவார். நெருப்பை நன்றாக அணைத்துவிட்டுக் கொண்டுவரச் சொல்வாள் காஜாக்கா, வாய் வெந்துவிடக் கூடாதே என்று.

அண்ணனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. தங்கச்சி தன் வீட்டுப் பின்னறையில் வந்து இருந்தால்தான் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று அவரே முடிவெடுத்து, அவரே வேன் பிடித்து, இரண்டு சுமைக்காரர்களோடு வந்து நின்றார். எலியைப் போகிற வழியில் விட்டுவிடலாம் என்றார். எலி இல்லை, ஹாம்ஸ்டர் என்றாள் அவள். பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நான் வரலண்ணே. இது என் வீடு," என்றாள்.

அண்ணன் விரலை ஆட்டாமல் பேசத் தெரியாதவர். "ரொம்பத் துளிர் விட்டுப்போச்சு உனக்கு. முதல்ல அந்தத் திமிரை அடக்கு," என்றபோது அவர் விரல் கட்டிலைக் காட்டியது. தூக்கம் கலைந்த ஹாம்ஸ்டர் கூண்டைவிட்டு இறங்கி வந்து கட்டிலை அடக்கிக்கொண்டது. "கண்கட்டு வித்தையா காட்டுற? வாயை அடக்கு," என்றார், பீரோ போயிற்று. அந்த எலியை அடக்கு என்று கத்தி ஜன்னல் பக்கம் கையை வீசினார். கீழே நின்ற வேன் போயிற்று. நல்லவேளை, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். காஜாக்கா தையலை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். கடைசியில் அண்ணன் தன் நெஞ்சிலேயே விரலால் குத்திக்கொண்டு, "இந்தக் குடும்பத்துல என்னை அடக்க எவன் இருக்கான்?" என்று கேட்டார்.

இடது கன்னத்துக்குள் அவரும் போனார். மூத்த சுமைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தபடி, தாங்கள் இருக்கவா போகவா என்று கேட்டார். இருக்கச் சொன்னாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், கையிலிருந்த சட்டைகளையெல்லாம் முடித்தாள். அதற்குப் பிறகுதான் ஹாம்ஸ்டரை உள்ளங்கையில் ஏற்றி, ஜன்னல் வழியாக வேனைத் தெருவில் இறக்கினாள். கட்டிலும் பீரோவும் இருந்த இடத்துக்கே வந்தன. கடைசியாக அண்ணன் வந்தார், தலைமுடியில் விதைத் தோலோடு.

உள்ளே இடம் தாராளமாக இருக்கிறது என்றார். பிறகு கைகள் இரண்டையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "இருந்தாலும் நீ கிளம்பும்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

"வரமாட்டேன்ணே. போகும்போது கதவைச் சத்தமில்லாம சாத்துங்க. பாவம், இது இன்னைக்குத் தூங்கவே இல்ல."

சத்தமில்லாமல்தான் சாத்தினார். வேன் வெறுமையாகத் திரும்பியது. அன்று ராத்திரியே அண்ணி போன் செய்து, அத்தனை நேரமும் மனுஷன் எப்படி இருந்தார் என்று கேட்டாள். பேசாமல் இருந்தார் என்று காஜாக்கா சொன்னதும், அண்ணி நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். அடுத்த புதன்கிழமை ஒரு பை நிறையச் சூரியகாந்தி விதையோடு அவளே மாடியேறி வந்தாள், பின்னாலேயே அண்ணனும். இப்போதெல்லாம் அண்ணி வருவதில்லை. அவர் மட்டும் வந்து, செருப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, ஹாம்ஸ்டர் விழித்துத் தன்னை அடக்கிக்கொள்ளும்வரை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். பின்னறையை அண்ணி வேறு ஆளுக்கு விட்டுவிட்டாள். காஜாக்கா மாடியில்தான் இருக்கிறாள்.