சம்பந்தி வாசலில் கேரவன்

பெண்ணைக் கொடுத்த வீட்டில் இரவு தங்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் அக்காவைப் பார்க்கப் போன அப்பா பேருந்து நிலையத்துப் பெஞ்சில் படுத்துவிட்டு, பிடித்துக்கொண்ட கழுத்தோடு திரும்பி வந்தார். அந்தக் கோணல் கழுத்தைச் சாகும்வரை ஒரு பதக்கம் போல் சுமந்தார்.

ஆகவே, கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட என் மகள் "ஒரு வாரமாவது வந்து இருங்கப்பா" என்று அழைத்தபோது, ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்தேன். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே. சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்வோம், அவர் வீட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்று என் தம்பியிடம் தொலைபேசியில் அறிவித்தேன். அவன் பெருமிதத்தில் தழுதழுத்தான்.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பூனைகளும் வரும்.

பெரியது பஞ்சு. வெள்ளை, சோம்பேறி. சின்னது உருளை. பிள்ளைகள் போன வீட்டில் அவள் பேசுவதெல்லாம் இவற்றோடுதான். எங்கள் வீட்டுக்குள் மிருகங்களை விடுவதில்லை என்று சம்பந்தியிடம் நான் கல்யாணத்திலேயே சொல்லியிருந்ததை அவளுக்கு நினைவூட்டினேன். "அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள்.

வழியெல்லாம் மழை. ஒரு பக்கம் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கண்ணாடி துடைப்பான் அசையும்போதெல்லாம் பஞ்சு உள்ளிருந்து அதை அறைந்தது. உருளை, சம்பந்தியைச் சந்திப்பதற்காக நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையின்மேல் பிரயாணம் செய்தது. ஈரக்காற்றில் மனைவிக்குத் தொண்டை கட்டி, போய்ச் சேர்வதற்குள் குரலே போய்விட்டது. நான் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு சௌகரியத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

சம்பந்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடையோடு வாசலுக்கு வந்து, "மாடியில ரூம் தயாரா இருக்கு, உள்ள வாங்க சம்பந்தி" என்றார். ஜன்னலை நாலு விரல் அளவு மட்டும் இறக்கி, எங்களுக்கு எல்லா வசதியும் வண்டியிலேயே இருக்கிறது என்று தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் சாயங்காலம் வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி முழுக்கப் பூனை வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் வெளியேறினால் எங்கள் வம்சமே தலைகுனிய வேண்டியதுதான். மனைவி மகளைப் பார்க்க உள்ளே போயிருந்த நேரத்தில் கூரை ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன். சவரத்துக்குப் பின் பூசும் வாசனைத் தண்ணீரைப் பாதிக்குமேல் தெளித்தேன். பிறகு கழிவறைக்குள் நின்று சட்டையிலிருந்து பூனை முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

மனைவி திரும்பி வந்தாள். இருக்கைக்கடியில் குனிந்து பார்த்தாள். மூலையில் உருளை மட்டும் தும்மிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பஞ்சு மழையில நனைஞ்சதே இல்லீங்க." காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். வாயைத் திறந்து திறந்து பார்த்தாள், சத்தம் வரவில்லை. பூனை பிஸ்கட் டப்பாவை என் கையில் திணித்தாள். இத்தனை வருடத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பஞ்சு" என்று கூப்பிட்டேன். அலுவலகத்தில் கடைநிலை ஊழியரைக் கூப்பிட்ட அதே குரல்.

"அப்படிக் கூப்பிட்டா அது வராது. நான் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

எதிரே முடிதிருத்தும் கடையில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நான் டப்பாவைக் குலுக்கினேன். "பஞ்சுக்கண்ணு, என் பட்டுல்ல, வாடா வாடா." ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். குனிந்து கார்களுக்கடியில் பார்த்தேன். குனிந்தால் தெரியவில்லை. இஸ்திரி போட்ட வேட்டியோடு சகதியில் மண்டியிட்டு, தெருக்கோடி வரை, ஒவ்வொரு வண்டிக்கடியிலும் "ராஜாக்குட்டி" என்று கொஞ்சிக்கொண்டே ஊர்ந்தேன்.

தலைக்குமேல் ஒரு குடை வந்து நின்றது.

"சம்பந்தி, இவ்வளவு ஆசையா இதுவரைக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்ல. எழுந்திரிங்க. உங்க ராஜாக்குட்டி மாடியில தூங்குது."

எங்களுக்காகத் தயார் செய்திருந்த அறையில், எனக்காகப் போட்ட தலையணையின் நடுவில் பஞ்சு சுருண்டிருந்தது. மழை பொறுக்காமல் கேரவன் கூரையிலிருந்து நேராக மாடி ஜன்னலுக்குத் தாவியிருக்கிறது. மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு ஓசையில்லாமல் அழுதாள். மகள் அவள் பாதத்தைத் துடைத்துவிட்டாள். நான் கம்பீரமாக, சொட்டச் சொட்ட, வண்டிக்குக் கிளம்பினேன்.

"படுக்க முடியாதுப்பா" என்றாள் மகள். "மேல ஜன்னல் திறந்தே கிடந்திருக்கு. மெத்தையெல்லாம் குளம்."

சம்பந்தி உலர்ந்த வேட்டி ஒன்றைக் கட்டிலில் வைத்துவிட்டு, உருளையைத் தூக்கி வரப் போனார். மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

நான் அங்கே தங்கவில்லை. பூனைக்குத் துணையாக இருந்தேன். மழை விடாததால் ஒரு வாரம் துணையிருக்க வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியபோது வாசலில் தம்பி காத்திருந்தான். நல்ல மெத்தையில் தூங்கிய என் கழுத்து நேராக நின்றது. வண்டியிலிருந்து இறங்குவதற்குமுன் அதைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன்.