யானைக்குப் போட்ட சுழி

நகர மன்றத்தின் சாக்கடை கம்போங் செட்டிச் சந்தின் வாயில்வரை வந்தது. சிமெண்டு பூசிய நல்ல சாக்கடை. அதற்கு மேல் வரவில்லை. உள்ளே இருப்பது கோயில் நிலம், அதில் மன்றத்தின் பணத்தைப் போட முடியாது என்றார்கள். மன்றத்தின் மழைத்தண்ணீர் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் கோயில் நிலத்துக்குள் வந்துகொண்டிருந்தது. சாலை மேடு, எங்கள் சந்து பள்ளம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் விடுதலைக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கள் கிணற்றில் கலந்தது. எங்கள் மகள் கண்ணம்மாவுக்கு டைபாய்டு வந்தது. நான்கு வயது. பெரியாஸ்பத்திரியில் அவளை வெள்ளைத் துணியால் மூடிக் கொடுத்தார்கள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான்.

என் கணவர் கலியாணசுந்தரம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஆங்கிலம் அழகாக எழுதுவார். ஓராண்டு முழுவதும் மன்றத்துக்கு மனு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலிலும் கோயில் நிலம் என்ற சொல் இருந்தது. கடைசிப் பதிலைப் படித்துவிட்டு, “மனு கொடுக்கறவனுக்கு நாற்காலி போட மாட்டாங்க, ருக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் உட்காரணும்” என்றார். டிசம்பரில் எங்கள் வட்டாரத்தில் ஓர் இடத்துக்குத் தேர்தல் வந்தது. நிற்கப்போவதாகச் சொன்னார்.

இதையெல்லாம் அவர் மலாயில்தான் சொன்னார். அவர் சிட்டி. அவர்களுடைய முன்னோர் தமிழர்கள். சாமியும் தாலியும் பொங்கலும் அப்படியே இருக்கின்றன, பேச்சு மட்டும் எப்போதோ மலாயாகிவிட்டது. நடுநடுவே தமிழ்ச் சொற்கள் வரும். நான் சிரம்பானில் தமிழ்ப் பள்ளியில் படித்து அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் “சும்மா” என்றால் அது தமிழ்ச் சும்மாவா, ‘மட்டும்’ என்று பொருள்படும் மலாய்ச் சும்மாவா என்று விழிப்பேன்.

எங்கள் குடியிருப்பான கம்போங்கின் ஓட்டு மட்டும் போதாது. ஜாலான் துக்காங் எமாஸ் என்ற பொற்கொல்லர் தெருவின் தமிழ்க் கடைக்காரர்களின் ஓட்டும் வேண்டும். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் சொக்கப்பன் செட்டியார். பலசரக்குக் கடை வைத்திருந்தார். கண்ணம்மா இறந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்தவர். இவர் நிற்கிறார் என்றதும், “தம்பி, நம்ம தெரு ஓட்டு எம் பொறுப்பு. நீ தமிழ்ல ரெண்டு வார்த்த பேசு, அது போதும்” என்றார்.

அந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் ஒரு வாரம் பாடுபட்டோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். சின்னம் யானை என்று முடிவாகியிருந்தது. எங்கள் வட்டாரத்தின் பெயர் காஜா பெராங், காஜா என்றால் யானை, அதனால் கம்போங் ஆட்களுக்கு எளிதாக நினைவிருக்கும் என்று அவர்தான் கேட்டு வாங்கினார்.

சொக்கப்பன் கடை வாசலில் பெஞ்சு போட்டுக் கூட்டம் நடந்தது. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். முதல் பாதி நன்றாகப் போயிற்று. சாக்கடையைப் பற்றிச் சொன்னார். கிணற்றைப் பற்றிச் சொன்னார். மகளைப் பற்றிச் சொல்லும்போது மனப்பாடம் தடுமாறிவிட்டது. மீதியைத் தானாகவே பேசி, கையைக் கூப்பி, “எல்லாரும் எனக்கு உண்டி போடுங்க” என்று முடித்தார்.

மலாயில் உண்டி என்றால் ஓட்டு.

“உண்டியா? காசுல்ல கேக்குறாரு!” என்றார் பின்னால் நின்ற ஒரு நகைக்கடைக்காரர்.

“சோறு கேக்குறாருய்யா. உண்டின்னா சாப்பாடு.”

“கோயிலுக்கா உண்டி, இல்ல இவருக்கேவா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவருக்கு எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவரும் கூடச் சிரித்தார். எனக்கு எழுந்துபோய் அந்தப் பெஞ்சைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

சொக்கப்பன்தான் சமாளித்தார். பெஞ்சின் மேல் ஏறினார். “ஏன்யா சிரிக்கிறீங்க? தம்பி சரியாத்தான் சொல்லுது. அன்னிக்கு ஒரு பெட்டி வெச்சிருப்பான், உண்டியல் மாதிரி மேல ஓட்ட இருக்கும். அதுலதான் போடப் போறோம். சின்னம் என்ன? யானை. யானை யாரு? நம்ம பிள்ளையாரு! இது பிள்ளையாருக்குப் போடுற உண்டிதான். போடுவீங்களா, மாட்டீங்களா?”

போடுவோம் என்று கத்தினார்கள். கேலி அப்படியே மரியாதையாக மாறிவிட்டது. திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம், “என் தமிழ் அவ்வளவு மோசமில்லை, பார்த்தாயா?” என்றார். மோசமில்லைதான் என்றேன்.

தேர்தல் அன்று தெருவே திரண்டு வந்தது. சொக்கப்பன் குளித்து நீறு பூசி, வரிசையில் முதல் ஆளாக நின்றார். மாலையில் பள்ளிக்கூட மண்டபத்தில் சீட்டுகளை எண்ணினார்கள். வேட்பாளரோடு ஒருவர் உட்காரலாம் என்பதால் நானும் போனேன். எதிரில், போட்டி வேட்பாளரான கட்சிக்காரர் தன் ஆளோடு உட்கார்ந்திருந்தார். தேர்தல் அதிகாரி வயதான ஆங்கிலோ இந்தியர். நேர்மையானவர். அதை இன்றைக்கும் சொல்வேன், சொல்வதில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

யானைக்கு நேராகப் பெருக்கல் குறி போட்ட சீட்டுகள் குவிந்துகொண்டே வந்தன. பிறகு அதிகாரி ஒரு சீட்டைத் தனியே எடுத்துவைத்தார். இன்னொன்று. இன்னொன்று. மேசையின் ஓரத்தில் அது ஒரு கட்டாகவே ஆகிவிட்டது.

“இது என்ன?” என்று ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

யானைக்கு நேராகப் பெருக்கல் குறி ஒழுங்காக இருந்தது. சீட்டின் தலையில், நடுவில், பென்சிலால் ஒரு சுழி. சுழித்து வலப்பக்கம் இழுத்த கோடு. என் கணவர் அதை உற்றுப் பார்த்தார். “இரண்டு என்று போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது” என்றார் ஆங்கிலத்தில். பிறகு என்னைப் பார்த்து மலாயில், “இது என்ன, ருக்கு?” என்றார்.

“பிள்ளையார் சுழி” என்றேன்.

தமிழ் படித்தவன் எந்தக் காகிதத்தில் எதை எழுதினாலும் முதலில் அதைத்தான் போடுவான். கணக்கோ, கடிதமோ, கல்யாண ஓலையோ, கை தானாகப் போய்ச் சுழித்துவிடும். அதுவும் பிள்ளையாருக்கே போடுகிற சீட்டு. நான் மலாயில் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

“யார் இந்தப் பிள்ளையார்? வேட்பாளர்களில் அப்படி யாரும் இல்லையே.”

“கடவுள்” என்றார் என் கணவர்.

அதிகாரி சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்து எங்கள் பக்கம் நகர்த்தினார். ஓட்டுப் போட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த எழுத்தும் குறியும் சீட்டில் இருந்தால் அது செல்லாது.

“இது ஓட்டுப் போட்டவரைக் காட்டவில்லை, ஐயா. ஒரு தெருவே இதைத்தான் போட்டிருக்கிறது. எல்லோரும் போட்ட குறி எப்படி ஒருவரை அடையாளம் காட்டும்?”

“எழுத்து எழுத்துதான், மிஸ்டர் கலியாணசுந்தரம். இதை விட்டால் நாளைக்கு ஒருவர் கவிதை எழுதுவார்.”

கட்சிக்காரரின் ஆள் சிரிப்பை இருமி மறைத்தான். என் கணவர் அந்த விதியை மூன்று விதமாகப் படித்துக் காட்டினார். அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, குரல் புரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசிய அதே குரல். தமிழ் எழுதத் தெரியாத எங்கள் கம்போங் ஆட்களின் சீட்டுகள் எல்லாம் செல்லுபடியாயின. எழுதத் தெரிந்தவர்களின் சீட்டுகள் ஓரத்தில் கிடந்தன. அந்தக் கட்டில் பாதி சேர்ந்திருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார்.

வெளியே சொக்கப்பன் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். தோற்றுவிட்டோம் என்றதும் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார். “அதெப்படி? நம்ம தெருவுல ஒரு ஓட்டுக்கூடத் தப்பல தம்பி. நானே வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனுக்கும் சொன்னேன், பிள்ளையார மறந்துராதன்னு!”

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் என் கையைப் பிடித்தார்.

“உங்க ஓட்டு எல்லாம் வந்துச்சு, செட்டியார். கம்போங்லதான் கொறைச்சல்” என்றார், தன்னிடமிருந்த தமிழில்.

அன்று அவரோடு சண்டை போட்டேன். சொல்லியிருக்க வேண்டும் என்றேன். “சாக்கடை வேணும்னா அடுத்த வருஷமும் அந்த ஓட்டு வேணும். நீங்கதான் கெடுத்தீங்கன்னு செட்டியார்கிட்ட எப்படிச் சொல்வேன்?” என்றார். பொறுத்திருந்தால் பக்குவமாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. மெர்டேக்கா வந்தது. எங்கள் சந்திலும் கொடி கட்டினோம், கணுக்கால் அளவுச் சேற்றில் கம்பம் நட்டு. ஜெயித்த கட்சிக்காரர் ஒரு முறை வந்தார். சந்தின் வாயிலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கோயில் நிலம் என்றார்.

அடுத்த டிசம்பரில் வட்டாரத்தின் இன்னோர் இடத்துக்குத் தேர்தல். மறுபடி யானை. இந்த முறை சொல்லாமல் முடியாது. அதே கடை, அதே பெஞ்சு. தமிழ் அவருக்கு வராது என்பதால் நான் பேசினேன். சிலேட்டில் பெருக்கல் குறி போட்டுக் காட்டி, “இது மட்டும்தான். மேல சுழி போடக்கூடாது. போட்டா செல்லாது” என்றேன்.

“பிள்ளையார் சுழி போடாமலா?” என்றார் நகைக்கடைக்காரர். “சுழி இல்லாம எழுதறது சாவு ஓலைக்குத்தாங்க. இவரு பேருக்கு நேரா நான் அப்பிடி எழுதினா, இவருக்கே காரியம் பண்ணுன மாதிரி ஆயிடுமே.”

எனக்கு அது தெரியும். கண்ணம்மா போன செய்தியை என் அப்பாவுக்கு நான்தான் எழுதினேன். காகிதத்தின் தலையை வெறுமையாக விட்டு எழுத ஆரம்பித்தபோது கை மூன்று தடவை நின்றது. அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. “சட்டம் அப்படி” என்றேன். வேறு என்ன சொல்ல?

சொக்கப்பன் என் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். “அப்ப போன வருசம்?” என்றார்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

“எல்லாம் வந்துச்சுன்னு சொன்னியே, தம்பி.”

“செட்டியார், நான்…”

“ஒரு வருசமா என்னைய வெச்சுச் சிரிச்சிருக்கீங்க, புருசனும் பொஞ்சாதியும்.”

“சிரிக்கலீங்க” என்றேன். “உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்…”

“எம் மனசு என்ன முட்டை ஓடா? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே நின்னு ஒவ்வொருத்தனுக்கும் சொல்லியிருப்பேன். தெருவே கேட்டிருக்கும். இப்ப நீங்க சொல்றீங்க. தமிழ் தெரியாதவரு எங்களுக்குப் பிள்ளையாரு வேணாங்கிறாரு!” கடைக்குள் போய்விட்டார்.

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தெருவில் நடந்து போயிற்று. ஒரு வாரத்துக்குள், யானையை வைத்துக்கொண்டு பிள்ளையாரை வேண்டாம் என்கிறான் சிட்டி, மதம் மாறிவிட்டானாம், என்று என் காதுக்கே திரும்பி வந்தது. என் கணவர் இரண்டு முறை சொக்கப்பனைப் பார்க்கப் போனார். சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றது உள்ளேயிருந்து அவருடைய குரலே.

இந்த முறை எண்ணி முடிக்க நேரமாகவில்லை. ஜாலான் துக்காங் எமாஸில் பாதிப் பேர் வரவேயில்லை. வந்தவர்கள் கட்சிக்காரருக்குப் போட்டிருந்தார்கள். ஓரக்கட்டு என்று எதுவும் இல்லை. சுழி இல்லை, கோடு இல்லை, ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு பெருக்கல் குறி, நான் சிலேட்டில் போட்டுக் காட்டியபடியே. அதே அதிகாரிதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அன்போடு என்னிடம் மலாயில் சொன்னார்: “உங்கள் ஆட்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள், அம்மா. ஒன்றுகூட வீணாகவில்லை.”

என் கணவர் அவருக்கு நன்றி சொல்லிக் கை குலுக்கினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உயிரோடிருந்தும் அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத் தேர்தல்களையே நிறுத்திவிட்டார்கள்.

மண்டபத்திலிருந்து நடந்தே வந்தோம். பகலில் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சந்தின் வாயிலில், தார் முடிகிற இடத்தில் அவர் நின்று, காலணியைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தண்ணீருக்குள் இறங்கினோம்.