மூன்று சென்ட் பச்சை

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டர் வருவார் என்றால் காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளாது. மேஜையைத் துடைப்பேன், விளக்கை நகர்த்துவேன், துடைத்த மேஜையையே மறுபடி துடைப்பேன்.

"அக்கா, மேஜை தேஞ்சுடப் போகுது" என்பாள் தங்கை. அவளுக்கு வாய் நீளம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களை எல்லாம் வாயடைத்து அனுப்பியாயிற்று. டாக்டர் மனைவியை இழந்தவர். ஏலத்தில் ஒரு தகர டப்பா நிறையப் பழைய அமெரிக்கத் தபால்தலைகள் வாங்கியிருந்தார். அத்தனையும் ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளின் மூன்று சென்ட் பச்சை. சும்மா பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதலில் ஒரு கம்பெனி அச்சடித்தது. பிறகு வேலை இன்னொரு கம்பெனி கைக்குப் போனது. அவர்கள் தங்கள் அடையாளமாக, தபால்தலையின் அடிப்பகுதியில் வரைந்திருக்கும் நாடாவின் இடது வாலில் மடிப்புக்குக் கீழே நிழலைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிவிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடர்ந்த நிழல் இருந்தால் வலது பெட்டி, இல்லையென்றால் இடது பெட்டி. பெட்டிகள் என் மேஜையிலேயே இருக்கும், டப்பா மட்டும் அவரோடு போய்வரும். அவர் இடுக்கியால் எடுத்துக் கொடுப்பார், நான் பார்த்துச் சொல்வேன். அவருக்கும் தெரியும்தான். இரண்டு பேர் பார்த்தால் நல்லது என்பார்.

இன்றைக்கு உட்கார்ந்ததும், "டப்பா காலி. இது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

இனி எந்தச் சாக்கில் இந்த மனிதர் என் வீட்டுப் படியேறுவார்?

தபால்தலையைப் பார்த்தேன். அந்தக் காலத்துத் தபால்காரர் யாரோ தக்கையில் செதுக்கிக் குத்திய நட்சத்திர முத்திரை, ஒரு முனை உடைந்தது. பார்த்த முகம்! பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"இத போன மாசமே பார்த்தாச்சே! நான்தான் இடது பெட்டியில போட்டேன். பிரிச்சு வெச்சத திரும்பக் கலந்தா என்ன டாக்டர் அர்த்தம்? நாம என்ன விளையாடிட்டா இருக்கோம்?"

அவர் காது சிவந்துவிட்டது. "கவனக்குறைவு. மன்னிச்சுக்குங்க" என்று எழுந்தார். காலி டப்பாவை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

டீயோடு வந்த தங்கை தட்டை டக்கென்று வைத்தாள்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒவ்வொரு வாரமும் கிளம்புறதுக்கு முன்னாடி, நீ அசந்த நேரம் பார்த்து, பெட்டியிலேர்ந்து ஒரு பிடி அள்ளி டப்பாவுல போட்டுக்கிட்டுத்தான் போறார். போன வாரம் டம்ளர் எடுக்க நான் வந்துட்டேன், பாவம், ஒண்ணுதான் எடுக்க முடிஞ்சுது."

ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவள் நான்.

வாசலில் அவர் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் போகாதீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு மட்டும் நீளுகிற என் பாழாய்ப்போன நாக்கு, அதைச் சொல்ல எழவில்லை.

இரண்டு பெட்டிகளையும் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தேன். இரண்டு கையாலும் கலைத்தேன்.

"ஐயையோ!" என்றாள் தங்கை.

டாக்டர் ஒரு காலில் ஷூவோடு ஓடிவந்தார். பச்சைக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னங்க இது, முதல்லேர்ந்து பிரிக்கணுமே! வருஷக்கணக்கா ஆகுமே!"

"ஆகட்டும்னுதான் கவுத்தேன்" என்றேன்.