வரிசை மாறி நின்ற நிக்கனோரா

இரண்டு பேருமே நாசமாய்ப் போகட்டும் என்பதுதான் நிக்கனோராவின் முடிவு. ஆனால் வியாபாரிகள் சங்கத்தில் அந்த முடிவுக்கென்று ஒரு வரிசை கிடையாது.

அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் ஏழெட்டுப் பேர் நின்று, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் முன்னாள் உள்துறை மந்திரி. பதவி போன பிறகும் எல் ஆல்தோ நகரத்தில் அவருக்கு 'மந்திரி' என்றுதான் பெயர். பயந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், வெறுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இன்னொருவர் வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்து பணக்காரர் ஆனவர். அவர் கார்க்காரர். தான் வந்தால் சந்தைத் தெருவை வியாபாரிகளுக்கே எழுதிக் கொடுத்து மேலே கூரையும் போடுவதாக மந்திரி வாக்குக் கொடுத்திருந்தார். கார்க்காரரோ, நடைபாதைக் கடைகளை அள்ளிவிட்டு நகரத்தை நகரமாக்குவேன் என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நிக்கனோராவின் கடை நடைபாதையில்தான் இருந்தது. விடியற்காலைக் குளிரில் அப்பி என்கிற ஊதாச் சோளக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுப்பாள். பக்கத்தில் அவள் தம்பி எவாரிஸ்தோ பாலாடைக்கட்டி வைத்த பூரி பொரிப்பான். முன்பு அவன் மினிபஸ் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாலை மறியலில் அவன் வண்டி மாட்டிக்கொண்டது. என்ன கூச்சல் என்று தலையை வெளியே நீட்டியவனின் இடது கண்ணில் போலீஸ் சுட்ட ரவை பாய்ந்தது. "ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை" என்று அன்றைக்கே டிவியில் சொன்னவர் இதே மந்திரிதான். கண்ணோடு லைசென்சும் போய், எவாரிஸ்தோ அக்காவின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தான்.

சங்கத் தலைவி பிளாசிதா ஒரு காலையில் கடைக்கு வந்து பெஞ்சில் பாவாடையைப் பரப்பி உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை மைதானத்துல கூட்டம். வரிசை கட்டி நிக்கணும். மந்திரி வரிசைதான் நம்ம வரிசை."

"அதை முடிவு பண்ணத்தானே கூட்டம்?" என்றாள் நிக்கனோரா.

"முடிவு பண்ணியாச்சு. கூட்டம் அதைக் காட்டுறதுக்கு."

"அப்போ நீங்களே ஒத்தையா நின்னு காட்டிட்டுப் போங்க."

பிளாசிதா கோப்பையை ஊதினாள். "வாய் ரொம்ப நீண்டு போச்சு உனக்கு. கஞ்சியில சர்க்கரை கம்மி, அதைப் பாரு முதல்ல."

"நீங்க என் தம்பி மூஞ்சியைப் பாருங்க முதல்ல."

"மூணு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு கண்ணுக்காக ஒரு தெருவையே விடச் சொல்றியா? எத்தனை அடுப்பு எரியுது இங்க. எல்லாத்தையும் நீ வந்து அணைப்பியா, நிக்கா?"

நிக்கனோரா கோப்பையை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கழுவப் போட்டாள். பாதிக் கஞ்சி அதில் மீதி இருந்தது.

பிளாசிதா போன பிறகு, சட்டியைப் பார்த்தபடியே எவாரிஸ்தோ பேசினான். "நானும் மந்திரி வரிசையிலதான் நிக்கப் போறேன்கா."

"எண்ணெய்ப் புகை மண்டைக்கு ஏறிடுச்சாடா?"

"கார்க்காரன் வந்தா இந்தச் சட்டியும் இல்ல. அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது?"

"அதுக்கு? கண்ணைப் பிடுங்கினவன் முதுகுக்குப் பின்னாடி போய் நிப்பியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"வலிச்சது எனக்கு. ரத்தம் போனது எனக்கு. என் கண்ணை நீ இன்னும் எத்தனை நாளைக்கு உன் கையில தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சண்டைக்குப் போவ? போதும்கா, விட்டுடு."

அவள் கரண்டியை அடுப்பின் மேல் எறிந்தாள். அது துள்ளி எவாரிஸ்தோவின் காலடியில் விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து, பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பூரியைப் போட்டான். அந்தப் பொறுமைதான் அவளுக்கு ஆத்திரத்தை மேலும் கிளப்பியது.

சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில் இரண்டு கோல் கம்பங்களிலும் இரண்டு பேரின் படத்தைக் கட்டியிருந்தார்கள். மந்திரி படத்துக்கு முன்னால் தெருவே நின்றது: உருளைக்கிழங்கு விற்பவர்கள், பழைய துணிக்காரிகள், பூட்டு சாவிக்காரர்கள். கார்க்காரர் பக்கம் நாற்பது பேர்கூடத் தேறாது. எல்லாரும் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள். நிக்கனோரா நடு மைதானத்தில் நின்றாள். எவாரிஸ்தோ அவளைத் தாண்டி நடந்து போய் மந்திரி வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டான். அவனுக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிக் கைதட்டினார்கள். "பாருங்க, கண்ணு போனவனே வந்துட்டான், இனி யாருக்கு என்ன பேச்சு?" என்று பிளாசிதா ஒலிபெருக்கியில் சொன்னாள்.

அந்தக் கைதட்டல் நிக்கனோராவின் காதில் அறைந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே கால்கள் எதிர்க் கம்பத்துக்குப் போய்விட்டன. அங்கே அவளுக்கு முன்னால் நின்றவர் இலாரியோன். அவளுடைய அடுப்புக்கு நேர் பின்னால் ஃபிரிட்ஜ் கடை வைத்திருப்பவர். அடுப்புப் புகை கண்ணாடியில் படிகிறது என்று தினமும் திட்டுகிறவர்.

"வா வா," என்றார் அவர். "நம்ம பக்கம் ஒரு அடுப்பாவது வந்துதே."

"உங்களுக்காக வரல."

"யாருக்காக வந்தா என்ன, தலை எண்ணும்போது எண்ணுவாங்க."

மைதானம் முழுக்க அவளை நோக்கி ஊளையிட்டது. துரோகி என்றார்கள், பணக்காரன் காலை நக்குகிறவள் என்றார்கள். யாரோ ஒரு ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். அது அவள் தொப்பியில் பட்டுத் தோளில் தங்கியது. அவள் தட்டிவிடவில்லை.

திங்கட்கிழமை போனபோது அவள் கடைமேல் தார்ப்பாயைப் போர்த்திச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. மாதக் கடைசி வரை கடை திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் தண்டனை. இலாரியோன் அங்கே குனிந்து டேப்பால் நடைபாதையை அளந்துகொண்டிருந்தார்.

"எங்காளு வந்ததும் இங்க ஷோகேஸ் வைக்கப் போறேன்," என்றார். "கவலைப்படாதே. நீ எங்க வரிசையில நின்னதை மறக்க மாட்டேன். நம்ம கடையிலயே கூட்டிப் பெருக்குற வேலை தரேன்."

"நல்லா அளந்துக்கோங்க," என்றாள் நிக்கனோரா. "உங்களை நீட்டிப் படுக்க வைக்கவும் அதே அளவு சரியா இருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு நடக்கும்போது அந்த டேப்தான் கண்முன் நின்றது. கடை மாதக் கடைசி வரை மூடிக் கிடந்தாலே வீட்டில் உருளைக்கிழங்கும் உப்பும்தான் சாப்பாடு. இது நிரந்தரமானால்?

தேர்தலுக்கு முந்தைய வாரம் மந்திரி தெருவுக்கு வந்தார். எவாரிஸ்தோவை மேடை ஏற்றிவிட்டது பிளாசிதா. நிக்கனோரா போகவில்லை. மாலையில் அவன் கழுத்தில் மாலையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். தலையில் காகிதத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"கட்டிப் பிடிச்சானா?"

"ம்."

"என்ன சொன்னான்?"

"மைக்கைத் தள்ளி வச்சுட்டு, கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டார். விபத்தான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

அவன் மாலையைக் கழற்றினான். "ஆமான்னேன்."

 நிக்கனோரா அவன் பக்கம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

தேர்தல் நாளில் வண்டி ஓடக் கூடாது என்பதால் ஊர் வெறிச்சென்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் பிளாசிதா மந்திரி கட்சியின் ஏஜெண்டாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "யோசிச்சுப் போடு," என்றாள். நிக்கனோரா அவள் நிழலில்கூடப் படாமல் விலகி உள்ளே போனாள்.

மறைப்புக்குள் சீட்டை விரித்தாள். இரண்டு முகங்கள், இரண்டு கட்டங்கள். கார்க்காரர் சிரித்தார், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இலாரியோனின் டேப் தெரிந்தது. மந்திரி சிரிக்கவில்லை. வெளியே பொறுமை இழந்து யாரோ இருமினார்கள். கடைசியில் அவள் மந்திரியின் கட்டத்துக்குள் குறி போட்டாள். போட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அதே பேனாவால், அவர் தாடைக்குக் கீழே, பெரிய எழுத்தில் 'விபத்து இல்லை' என்று எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் அதே வகுப்பறையில் எண்ணினார்கள். ஜன்னலைச் சுற்றிக் கூட்டம், அதில் நிக்கனோராவும் எவாரிஸ்தோவும். தலைமை அதிகாரி பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர். ஒவ்வொரு சீட்டாக விரித்துக் காட்டிப் பேரைச் சொன்னார். ஒரு சீட்டில் நிறுத்தினார்.

"குறி மந்திரிக்கு. ஆனா கீழே என்னமோ எழுதியிருக்கு. விபத்து இல்லை."

"எழுதினா செல்லாது," என்றார் கார்க்காரரின் ஏஜெண்டாக இருந்த இலாரியோன்.

பிளாசிதா எழுந்தாள். "குறி கட்டத்துக்குள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா என்ன விபத்து? இது என்ன அர்த்தத்துல?"

பிளாசிதாவின் பார்வை ஒரு நொடி ஜன்னல் பக்கம் வந்து போனது. மேடையில் மந்திரிக்கும் எவாரிஸ்தோவுக்கும் நடுவில் நின்று, அவர் கேட்டதையும் இவன் சொன்னதையும் கேட்டவள் அவள்.

"மந்திரி வந்தா ரோட்டுல விபத்து இல்லைன்னு எழுதியிருக்காங்க. நல்ல விஷயம்தானே? எதுக்குச் செல்லாது?"

ஜன்னலில் சிரிப்பு எழுந்தது. மருந்துக்கடைக்காரர் சீட்டை இரண்டாவது அதிகாரியிடம் கொடுத்தார். அவரும் சத்தமாக வாசித்தார். மூன்றாவது ஆளும் வாசித்தார். விபத்து இல்லை, விபத்து இல்லை என்று அறைக்குள் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டார்கள். கடைசியில் செல்லும் என்று முடிவானது.

வெளியே வந்த பிளாசிதா நிக்கனோராவைத் தாண்டும்போது நின்றாள். "சிலபேருக்குக் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல. வேற அதிகாரியா இருந்தா ஒரு ஓட்டு போயிருக்கும்."

"யாரைச் சொல்றீங்க?"

"யாரையும் சொல்லல. உன் தார்ப்பாய் மாசக் கடைசி வரைக்கும் அவிழாது. வரிசையில எங்க நின்னேங்கிறதுதான் சங்கத்துக்குக் கணக்கு."

அந்தச் சீட்டு அக்காவுடையது என்று சொல்ல எவாரிஸ்தோ வாயைத் திறந்தான். நிக்கனோரா அவன் கையை அழுத்திக் கிள்ளினாள். அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டவள் என்று பேர் எடுப்பதைவிடத் துரோகியாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

தெருமுனை தாண்டியதும் எவாரிஸ்தோ கேட்டான். "அதை அந்த ஆள் எங்க பாக்கப் போறார்?"

"பாக்க வேண்டாம். மூணு பேர் வாய்விட்டு வாசிச்சாங்கல்ல. உன் வாயில வராததை."

அவன் தலைகுனிந்து நடந்தான். 

மந்திரி ஜெயித்தார். தெருவிலிருந்து யாரையும் தூக்கவில்லை. கூரையும் வரவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் ஆட்கள் வந்து தூண் நட என்று குழி மட்டும் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று நிக்கனோராவின் அடுப்புக்கு நேர் முன்னால். கஞ்சி குடிக்க வந்தவர்கள் அதைச் சுற்றி வந்தார்கள், சுற்றி வரும்போதே மந்திரியைத் திட்டினார்கள். எவாரிஸ்தோ எங்கிருந்தோ ஒரு பலகை கொண்டுவந்து குழியை மூடினான்.

"ஆடுது," என்றாள் நிக்கனோரா.

"ஆடினா கல்லு வை," என்றான் அவன், சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.