மாற்றி வைத்த பெட்டி

அப்பா வழியில் ரைலிக்கும் அவள் தங்கை ஸிர்க்காவுக்கும் வந்த சொத்து அந்த நடுக்கம் மட்டும்தான். கையும் காலும் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டி இழுக்கும். கோடையில் ஏரிக்கரை நடனமேடையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், ஆண்கள் வந்து அழைப்பார்கள். இவர்களை யாரும் அழைத்ததில்லை.

மூளையைச் சுறுசுறுப்பாக்கும் மருந்து இந்த நடுக்கத்தை அடக்குமா என்று நகரத்து ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி தொடங்கியது. கடைசி நாள் வரைக்குமான மாத்திரைகளை நாள்வாரியாக அடுக்கி ஆளுக்கொரு பெட்டி. பாதிக் காலம் அசல், பாதிக் காலம் வெறும் மாவு. யாருக்கு எது முதலில், எந்த நாளில் மாறும் என்பது டாக்டர் வெஸ்டர்லுண்டுக்கே தெரியாது. கடைசியில்தான் அந்த விவரம் இருக்கும் உறையைப் பிரிப்பார்கள். குணமானவர்களுக்கு மருந்து தொடரும். அதுவரை காபி கூடாது. பின்லாந்துக்காரர்களிடம் அதைச் சொல்லத் தனி தைரியம் வேண்டும்.

சில நாளிலேயே ஸிர்க்காவின் நடுக்கம் அடங்கிவிட்டது. கிண்ணம் நிறைய மீன் சூப்பை ஒரு சொட்டு சிந்தாமல் மேஜைக்குக் கொண்டுவந்தாள். அந்தச் சனிக்கிழமை பஸ் டிரைவர் இஸ்மோ அவளை ஆட அழைத்தான். ரைலி பல வருடமாகக் கண் வைத்திருந்த அதே இஸ்மோ. அவள் தங்கையின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

"அவர் கால மிதிச்சிட்டேன்க்கா. ஒண்ணுமே சொல்லல."

"அவன் என்னிக்கு வாயத் திறந்தான், இன்னிக்குத் திறக்க?"

ஜூலை கடைசிச் சனிக்கிழமை, ஸிர்க்கா சௌனா என்ற நீராவி அறையில் வியர்த்துக்கொண்டிருந்தபோது, ரைலி இரண்டு பெட்டிகளிலும் மீதியிருந்த மாத்திரைகளை வரிசை கலையாமல் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாள். இனி என் முறை என்றிருந்தாள்.

முறை வரவே இல்லை. ரைலி முன்போலவே வெட்டி இழுத்தாள். ஸிர்க்கா ஆகஸ்ட் முழுக்க ஆடினாள். இவளுக்கு மாவைக் கொடுத்தாலும் வேலை செய்யுமோ என்று ரைலி உள்ளுக்குள் புழுங்கினாள்.

செப்டம்பரில் டாக்டர் உறையைப் பிரித்தார்.

"ரைலி, அசல் குடுத்தப்பவும் உங்களுக்கு ஒண்ணும் குறையல. ஸிர்க்கா, நீங்க மாவு சாப்பிட்டப்பவும் நல்லா இருந்தீங்க. அதனால மருந்து ரெண்டு பேருக்கும் பிரயோஜனமில்ல. நிறுத்திடலாம்."

ஸிர்க்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அக்காவின் துள்ளும் கையைப் பிடித்தாள். "போகுது விடுக்கா. பழையபடி ரெண்டு பேரும் சேர்ந்தே ஓரமா நிப்போம்."

ஆகஸ்ட் முழுக்கத் தான் விழுங்கியது தங்கையின் மாவு, அசல் தனக்கும் வேலை செய்யலாம் என்பது அப்போதுதான் ரைலிக்கு உறைத்தது. வாய் திறந்தது தங்கைக்காக இல்லை. "டாக்டர், ஜூலை கடைசி சனிக்கிழமை எங்க ரெண்டு பேர் மாத்திரையையும் நான் மாத்தி வச்சிட்டேன்."

டாக்டர் காகிதத்தில் விரலை ஓட்டினார். "அதுக்கடுத்த திங்கள்லேர்ந்து உங்க பெட்டியில அசல்தான் இருந்திருக்கு. ரெண்டே நாள் பொறுத்திருக்கலாம்."

ஸிர்க்கா மெல்லக் கையை விட்டாள்.

"அப்போ ஆகஸ்ட் முழுக்க நான் ஆடினது உன் மாத்திரையிலயாக்கா?"

அந்த நேரத்திலும் ரைலியின் கண் தங்கையின் கைமேலேயே இருந்தது. அது மடியில் அசையாமல் கிடந்தது.